மினி டிராக்டர் பின் டயர் அடிக்கடி இறங்குது: பருத்திக் கட்டையா, வேற கோளாறா?

கோரையாற்றுக்கரை:

வணக்கம். 24 எச்பி, 4 வீல் டிரைவ் மினி டிராக்டர். பின்னால 8.3-24, முன்னால 6.00-14, நாலும் டியூப் டயர். நீடாமங்கலம் பக்கம், களிமண் நிலம். பருத்தி கடைசி எடுப்பு முடிஞ்சு மார் (பருத்திச் செடித் தண்டு) வெட்டியாச்சு. சம்பாவுக்கு ரொட்டவேட்டர் ஓட்ட ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆகுது, அதுக்குள்ள பின் டயர் மூணு தடவை இறங்கிடுச்சு. இடது ரெண்டு, வலது ஒண்ணு. பட்டன் (டயர் மேல துருத்தி நிக்கிற ரப்பர் கட்டி) பாதிக்கு மேல இருக்கு, தேய்ஞ்ச டயர் இல்ல.

பருத்திக் கட்டைதான் காரணமா? கட்டை நிக்கிற வயல்ல டயரைக் காப்பாத்த என்ன செய்யலாம்? பஞ்சர் கடை 9 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. சக்கரத்தைக் கழட்டாம வயல்லயே ஒட்ட முடியுமா, என்னென்ன சாமான் வேணும்? டியூப்ல ஊத்துற பஞ்சர் லிக்விட் நம்பலாமா?

குடந்தைப் பட்டறை:

தம்பி, ஓட்டை டியூப்ல எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு ஒட்டினவர் சொன்னாரா? அதைப் பார்க்காம ஒட்டினா நாலாவது பஞ்சருக்கு இப்பவே நாள் குறிச்சாச்சு.

டியூபை வெளிய எடுத்ததும் லேசா காத்து ஏத்தி, வால்வை மேல வச்சுப் பிடிங்க. வெளிவட்டத்துல, அதாவது பட்டன் பக்கம், ஊசி குத்தின மாதிரி ஒத்தை ஓட்டைன்னா முள், கட்டை, ஆணி இதுல ஒண்ணு. உள்வட்டத்துல, ரிம்மைத் தொடுற பக்கம் ஓட்டைன்னா வயல் மேல பழி போடாதீங்க. ரிம் துருப்பிடிச்சுப் பொருக்கு கிளம்பியிருக்கும், இல்லன்னா வால்வு துளையோட விளிம்பு கத்தி மாதிரி ஆகியிருக்கும். ஒரு விரல் இடைவெளியில அடுத்தடுத்து ரெண்டு சின்ன வெட்டு இருந்தா அது டயர் கழட்டுற லிவர் கடிச்சது, போன தடவை ஒட்டினவர் கைங்கரியம். வால்வு அடியில பிறை மாதிரி கிழிஞ்சிருந்தா காத்து கம்மியா ஓட்டி, ரிம் மேல டயர் வழுக்கிச் சுத்தியிருக்கு. டயரோட டியூபும் நகரும், வால்வு மட்டும் ரிம் துளையில மாட்டிக்கிட்டு நிக்கும், அடியில கிழியும். இறங்கின டயரோட வரப்பு வரைக்கும் ஓட்டிட்டு வந்திருந்தா டியூப் நீளவாக்குல மடிஞ்சு பல இடத்துல அரைச்சிருக்கும். அதை ஒட்டுறது வீண், புது டியூப் போடுங்க.

முள் பஞ்சர்னா இன்னொரு வேலை இருக்கு. டியூப் ஓட்டை வால்வுல இருந்து எத்தனை சாண் தள்ளி, எந்தத் திசையில இருக்குன்னு அளந்து, டயர்ல அதே இடத்தை உள்ளயும் வெளியயும் பாருங்க. டியூபை எடுக்கும் முன்னாடி வால்வுக்கு நேரா டயர்ல சாக்பீஸ் அடையாளம் போட்டாத்தான் இந்தக் கணக்கு உதவும். சீமைக்கருவேல முள் வெளியில ஒடிஞ்சு, முனை மட்டும் நைலான் நூலுக்குள்ள நிக்கும். காத்து இல்லாதப்ப விரலுக்குத் தட்டுப்படாது, பாரம் ஏறினா ஒரு நூல் அளவு உள்ள நீட்டும். ஒட்டின அன்னிக்கு நிக்கிற டயர் நாலாம் நாள் அதே இடத்துல இறங்குறது இதனாலதான். வெறும் கையால தடவாதீங்க. பழைய பனியன் துணியைச் சுருட்டி உள்பக்கம் முழுக்க ரெண்டு திசையிலயும் இழுங்க, முள் இருந்தா நூல் மாட்டும். வெளியில இருந்து இழுக்க வராதது உள்ள இருந்து குறட்டுல வரும்.

நன்னிலம் பருத்தி:

பட்டறை அண்ணன் சொன்னது சரி. ஆனா பருத்தி வயல்னாலே முதல் சந்தேகம் கட்டை மேலதான் போகணும். காரணம் செடி இல்ல, வெட்டுற விதம். அடுப்பெரிக்க மார் வேணும்னு அரிவாளால சாய்ச்சு வெட்டுறோம். தரைக்கு மேல நாலு விரல் உசரத்துக்கு ஈட்டி முனை நிக்குது. வெட்டின ரெண்டு மூணு நாள் பச்சையா இருக்கும், டயர் ஏறினா மடங்கும். பத்து நாள் வெயில் பட்டா முளைக்குச்சி மாதிரி இறுகிடும். அதுவும் களிமண் காய்ஞ்சு வேரை இறுக்கிப் பிடிச்சிருக்கிறப்ப கட்டை சாயாது, பட்டன் நடுவுல இருக்கிற மெல்லிய இடத்துல நேரா ஏறும்.

அதனால வெட்டாம பிடுங்குறது நல்லது. ஒரு மழை விழுந்த மறுநாளோ, லேசா ஒரு தண்ணி காட்டிக் கால் புதையாத ஈரத்துலயோ பிடுங்கினா ஆணிவேரோட வரும். செடியோட அடியைக் கவ்வுற இடுக்கி வாய் வச்ச இரும்பு நெம்புகோல் கொல்லன் பட்டறையில அடிச்சுத் தருவாங்க, குனிய வேண்டியதில்லை. விறகும் வேரோட கிடைக்கும். ஆள் கூலி கூடத்தான். டியூப், பஞ்சர், ஓடாம நிக்கிற வாடகை நேரம் மூணையும் ஒரு தடவை கூட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

மார் வேண்டாம்னா செடி முழுசா நிக்கிறப்பவே, மார் அரைக்கிற மிஷினை விட்டுடுங்க. நிக்கிற செடி டயர் பட்டா வளையும், வெட்டின கட்டை குத்தும். நிறைய பேர் முதல்ல வெட்டிட்டு அப்புறம் அரைக்க மிஷின் தேடுறாங்க, அது தலைகீழ். டிராக்டருக்குப் பின்னாடிதான் மிஷின் வருது, டயர் எப்பவும் முதல்ல போகுது.

ஏற்கெனவே வெட்டியாச்சுன்னா மூணு விஷயம்தான் பாக்கி. ஒண்ணு, கட்டை வரிசைக்கு நடுவுல டயர் போகுதான்னு டேப் வச்சு அளங்க. பின் சக்கர டிஸ்க்கைத் திருப்பிப் போட்டா பல வண்டியில ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உள்ள அகலம் மாறும். உங்க வரிசை இடைவெளிக்கு ஒத்துவந்தா பாதிப் பிரச்சினை தீர்ந்துது. ரெண்டு, வரிசையோடவே ஓட்டுங்க, குறுக்கு உழவு கட்டை பிடுங்கின பிறகு. மூணு, வயல்ல தண்ணி கட்டி ரெண்டு நாள் ஊறவிட்டு ஓட்டினா கட்டை பிடி விட்டுச் சாயும். சம்பாவுக்கு எப்படியும் தண்ணி வைக்கப்போறீங்க, காய்ஞ்ச நிலத்துல காய்ச்சல் உழவுதான்னு பிடிவாதம் வேண்டாம்.

ஒரத்தநாடு உழவு:

களிமண்ல எல்லாரும் காத்தைக் குறைச்சுத்தான் ஓட்டுறாங்க. 7, 8 பவுண்டு (psi) வச்சா டயர் நல்லாப் படியும், கட்டை குத்தினாலும் டயர் மெத்துன்னு உள்வாங்கிக்கும்.

குடந்தைப் பட்டறை:

உள்வாங்கிக்கும், சரி. அப்புறம் வால்வைப் பிடுங்கிக்கும்.

8.3-24க்குப் பொதுவா வயல்ல 12-இல இருந்து 16 பவுண்டு, டிப்பர் இழுத்து ரோட்டுல போனா அதுக்கு மேல. சரியான எண் வண்டி கையேட்டுல இருக்கும், உச்ச அளவு டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கும். முன் டயருக்கு, டயர் வலுவைச் சொல்ற பிளை எண்ணைப் பொறுத்து மாறும், அதையும் கையேட்டுல பார்த்துக்கங்க. 7 பவுண்டுல ரொட்டவேட்டரோட சேத்துல திணறினா பீடிங் (ரிம்ல உட்காருற டயர் ஓரம்) ரிம்மை விட்டு நழுவும். அதுலயும் டயர் போட்டப்ப வழுக்குறதுக்கு கிரீஸ் தடவியிருந்தா கேட்கவே வேண்டாம்.

கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி: ரிம்முலயும் டயர்லயும் சேர்த்து குறுக்கா ஒரே கோடு, வெள்ளை பெயின்ட்ல இழுங்க. ரெண்டு சக்கரத்துலயும். கோடு ரெண்டா உடைஞ்சு விலகினா டயர் சுத்துது. வால்வு நேரா நிக்காம சாய்ஞ்சு நின்னாலும் அதே கதைதான்.

அளக்கிற கருவியையும் பாருங்க. லாரி கடையில வச்சிருக்கிற 150 பவுண்டு கேஜ்ல 12-ம் 15-ம் ஒண்ணுதான், முள் அசையவே அசையாது. 0-60 அளவுள்ள சின்ன கேஜ் சொந்தமா வாங்கி வைங்க. 12-இல 3 குறைஞ்சா கால் பங்கே போச்சு. கார்ல 32-இல 3 குறையுற மாதிரி இல்ல இது. காலையில டயர் சூடாகும் முன்னாடி அளங்க.

கோரையாற்றுக்கரை:

ரொம்ப நன்றி. கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டேன். வலது டயர்லயும், இடதுல முதல் தடவையும் பட்டன் பக்கம் ஒத்தை ஓட்டை. இடதுல ரெண்டாவது தடவை வால்வு அடி கிழிஞ்சதாம், டியூபே மாத்திட்டார். ஆக ரெண்டு நோயும் இருக்கு போல. கேஜ் நாளைக்கு வாங்குறேன்.

வயல்லயே ஒட்டுறதைப் பத்தி யாராவது சொல்லுங்க. பைக்குல குத்துற ரப்பர் குச்சி மாதிரி இதுல குத்த முடியாதா?

தலைஞாயிறு:

குச்சி டியூப்லெஸ் டயருக்கு. டியூப் டயர்ல குச்சியைக் குத்தினா டியூப்ல இன்னொரு ஓட்டைதான் விழும்.

குடந்தைப் பட்டறை:

வயல்லயே ஒட்டலாம். சக்கரத்தைக் கழட்ட வேண்டியதில்லை, ஒரு பக்க பீடிங்கை மட்டும் வெளிய எடுத்தாப் போதும்.

டிராக்டர் டூல் பாக்ஸ்ல இருக்க வேண்டியது: 60 செ.மீ. நீள டயர் லிவர் மூணு (முனை மழுங்கலா இருக்கணும், கடப்பாரை வேண்டாம்), வால்வு பின் (வால்வுக்குள்ள காத்தை அடைக்கிற சின்ன ஊசி) கழட்டுற சாவி, உதிரி வால்வு பின் நாலு, இரும்பு மூடி, பேட்ச் ரெண்டு அளவுல, சொல்யூஷன் (பேட்ச் ஒட்டுற பசை) டியூப், உப்புத்தாள், சாக்பீஸ், சோப்புக் கட்டி, 5 டன் பாட்டில் ஜாக்கி, 2 அடிக்கு 1 அடி பனம்பலகை ஒண்ணு, 12 வோல்ட் கம்ப்ரசர். முன் டயருக்கு ஒரு டியூப் உதிரியா வச்சுக்கங்க. சின்ன ரிம்ல வயல்ல உட்கார்ந்து ஒட்டுறதை விட டியூப் மாத்துறது சுலபம்.

முதல்ல வண்டியை இறங்கின இடத்துலயே நிறுத்துங்க. ரொட்டவேட்டரைத் தரையில இறக்கி, இன்ஜின் அணைச்சு, சாவியை எடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்க. பலகையைப் போட்டு அது மேல ஜாக்கி. பலகை இல்லாம களிமண்ல ஜாக்கி வச்சா வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். பின் அச்சுக்குழலுக்கு அடியில ஏத்தி, தூக்கினதும் பக்கத்துலயே தென்னங்கட்டை அடுக்கித் தாங்கல் கொடுங்க, ஜாக்கியை மட்டும் நம்பி கையை உள்ள விடாதீங்க. முன் அச்சு நடுவுல ஊசலாடும். முன்னால தூக்குறப்ப அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் மரத்துண்டு அடிச்சிட்டுத் தூக்குங்க, இல்லன்னா வண்டி ஒரு பக்கம் சாயும்.

ஆணி, கட்டை கண்ணுக்குத் தெரிஞ்சா பிடுங்கும் முன்னாடி சாக்பீஸால வட்டம் போடுங்க. வால்வு பின்னைக் கழட்டி காத்து முழுசா போகட்டும். வால்வு நட்டைக் கழட்டி வால்வை உள்ள தள்ளுங்க. பீடிங்கை ரிம்மை விட்டுப் பிரிக்க சோப்புத்தண்ணி ஊத்தி, லிவரை விளிம்புல வச்சு ஏறி மிதிங்க. லிவர் போடுற இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் பீடிங் ரிம்மோட நடுப்பள்ளத்துல விழுந்திருக்கணும். சூட்சுமம் இவ்வளவுதான். அது விழலைன்னா நாலு ஆள் சேர்ந்தாலும் வராது, வந்தாலும் பீடிங் கம்பி அறும். ஒரு தடவைக்கு நாலு விரல் அகலம் மட்டும் நெம்புங்க.

டியூபை வெளிய இழுத்து காத்து ஏத்தி வாய்க்கால் தண்ணியில முக்கிப் பாருங்க. ஒரு ஓட்டை கிடைச்சதும் நிறுத்திடாதீங்க, கட்டை ஏறி இறங்கின டியூப்ல எதிர்ச்சுவர்லயும் ஓட்டை இருக்கும். நல்லாத் துடைச்சுக் காய வைங்க. ஆடி மாசத்துக் காத்துல சீக்கிரம் காயும், ஐப்பசியில ஈரம் போகாது, வண்டி சைலன்சர் பக்கம் சூடு காட்டலாம். பேட்ச்சை விட ஒரு விரல் அகலமா உப்புத்தாள் போட்டுப் பளபளப்பு போற வரைக்கும் தேய்ங்க. தூளைத் துடைச்சு, சொல்யூஷனை மெல்லிசா தடவி, விரலோட பின்பக்கத்தால தொட்டா ஒட்டாத வரைக்கும் காத்திருங்க. அஞ்சு நிமிஷம் ஆகும். ஈரமா இருக்கிறப்பவே ஒட்டுறதுதான் பேட்ச் கிளம்புறதுக்கு முதல் காரணம், தடிப்பா அப்புறது ரெண்டாவது. நடுவுல இருந்து ஓரத்துக்கு ஸ்பானர் முதுகால அழுத்தித் தேய்ங்க. மேல சாக்பீஸ் பொடி தூவுங்க, இல்லன்னா டியூப் டயரோட ஒட்டிக்கும்.

ஒரு அங்குலத்துக்கு மேல கிழிசல், வால்வு அடி, பழைய பேட்ச் மேல, இந்த மூணு இடத்துலயும் ஒட்டாதீங்க. டயர்லயே சுண்டுவிரல் நுழையுற ஓட்டைன்னா உள்பக்கம் டயர் பேட்ச் வைக்கணும், அது கடை வேலை. அப்படியே விட்டா டியூப் அந்த வழியா பிதுங்கி வெடிக்கும்.

திருப்பிப் போடுறப்ப டியூப்ல உருவம் வர்ற அளவுக்குக் காத்து. வால்வு நட்டை நாலு சுத்து மட்டும். டயர் பீடிங்குக்குச் சோப்புத்தண்ணி மட்டும் தடவுங்க. டீசல், ஆயில், கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும், பின்னால டயரைச் சுத்தவும் விடும். வால்வு பின் போடாம காத்து ஏத்தி, முழுசா இறக்கி, பின்னைப் போட்டு மறுபடி ஏத்தினா மடிப்பு நேராகும். பீடிங் உட்காருறதுக்கு 35 பவுண்டைத் தாண்டாதீங்க. உட்காரலைன்னா இறக்கிட்டு மறுபடி சோப்பு போடுங்க. அந்த நேரத்துல சக்கரத்துக்கு நேரா நிக்கக் கூடாது, தலையை மேல நீட்டிப் பார்க்கக் கூடாது. ரிம்மை ஒட்டி டயர்ல ஒரு மெல்லிய வளையக் கோடு தெரியும், அது சுத்தி ஒரே தூரத்துல இருந்தா உட்கார்ந்தாச்சு. அப்புறம் வேலைக் காத்துக்கு இறக்குங்க. கடைசியா வால்வுல எச்சில் வச்சுப் பாருங்க, குமிழி வந்தா பஞ்சரே இல்லாம பின் மட்டும் கசியுற கேஸும் உண்டு. மூடியில்லாத வால்வுல சேறு போய்த்தான் அது ஆகுது.

தலைஞாயிறு:

லிக்விட் பத்தி என் கருத்து: முள் நிறைய உள்ள வாய்க்கால் கரை, வேலியோரம்னா உதவும். பட்டன் பக்கத்துச் சின்ன ஓட்டைக்கு மட்டும்தான். பக்கச்சுவர் வெட்டு, வால்வு கிழிசல் எதுக்கும் ஆகாது. டியூப் கிழிசல் இழுபட்டு விரியும், டியூப்லெஸ்ல அடைக்கிற மாதிரி இதுல நிக்காது. அளவு டப்பாவுல உள்ள அட்டவணைப்படி, டயர் சைஸுக்குத் தக்க. ஊத்தினவுடனே கொஞ்ச தூரம் ஓட்டணும், இல்லன்னா அடியில தங்கிடும்.

ஆனா கனத்துக்காக டயர்ல தண்ணி நிரப்பியிருந்தா லிக்விட் ஊத்தாதீங்க, கலங்கி ரெண்டும் கெடும். தண்ணிப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: வால்வை உச்சியில வச்சு வால்வு மட்டத்துக்கு நிரப்பினா முக்கால் பங்கு, 8.3-24க்கு சுமார் 60 லிட்டர், ஒரு சக்கரத்துக்கு 60 கிலோ. காய்ஞ்ச உழவுல பிடிப்பு வரும். சேத்துல அந்தக் கனமே வண்டியைப் புதைக்கும். எங்க பக்கம் மாதிரி உப்புத் தண்ணி போர்ல பிடிச்சு நிரப்பிடாதீங்க, ஒரு பஞ்சர்ல கசிஞ்சா ரிம் உள்ள இருந்தே தின்னுடும். வாய்க்கால் தண்ணியோ மழைத்தண்ணியோ நல்லது. பஞ்சர் பார்க்கும் முன்னாடி தண்ணியை வடிச்சிடணும், அந்தச் சக்கரம் சாய்ஞ்சா ஒரு ஆள் பிடிக்க முடியாது.

குடந்தைப் பட்டறை:

லிக்விட் ஊத்தின டியூபை ஒட்டக் கொண்டு வந்தா எங்க ஆளுங்க முகம் சுளிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. தேய்ச்சு, கழுவி, காய வச்சாலும் ஓட்டை வழியா ஊறிக்கிட்டே இருக்கும், சொல்யூஷன் பிடிக்காது. ஊத்துறதுன்னா புது டியூப்ல ஊத்துங்க, அதை ஒட்டுற நினைப்பை விட்டுடுங்க.

பழைய டயரை அறுத்து உள்ள லைனரா போடுறதும் ஒரு பழக்கம். முள்ளுக்குத் தாங்கும். ஓரத்தைச் சீவி மெல்லிசாக்காம போட்டா அந்த ஓரமே டியூபை அறுக்கும்.

அரை கேஜ் வீல் (சேத்துல புதையாம இருக்க டயர் பக்கத்துல மாட்டுற இரும்புக் கூண்டுச் சக்கரம்) போடுறவங்க கவனிக்க: கேஜ் வளையத்துக்கும் டயர் பக்கச்சுவருக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும். வரப்பு ஏறி வளையம் உள்ள வளைஞ்சா ஒரே நாள்ல பக்கச்சுவரை அராவிடும், அதுக்குப் பேட்ச் கிடையாது. போல்ட் தலை டயர் பக்கம், நட்டும் நீட்டின மரையும் வெளிப்பக்கம். டயர் மாட்டியிருக்கிறப்ப, காத்து இறக்கியிருந்தாலும், ரிம்ல வெல்டிங் வைக்கவே கூடாது, உள்ள சூடேறி டயர் குண்டு மாதிரி வெடிக்கும்.

நன்னிலம் பருத்தி:

ஒண்ணு விட்டுப்போச்சு. 4 வீல் டிரைவ்ல ஒரு முன் டயர் போச்சுன்னு வேற கம்பெனி, வேற உயரத்துல ஒண்ணு மட்டும் மாத்திடாதீங்க. முன்னும் பின்னும் சுத்துற கணக்கு கியர்ல கட்டிப்போட்டது, உயரம் மாறினா கியரும் டயரும் சேர்ந்து தேயும். முன்ன ரெண்டையும் அதே உயரத்துல ஜோடியா மாத்துங்க. தார் ரோட்டுல முன் சக்கர டிரைவை விலக்கிட்டு ஓட்டுங்க.

கோரையாற்றுக்கரை:

கேஜ் வந்துடுச்சு. காலையில அளந்தேன்: வலது 13, இடது 7. கடையில டியூப் மாத்தினப்ப வச்ச காத்து அப்படியே இருக்குன்னு நினைச்சு ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன். இடது வால்வு லேசா சாய்ஞ்சும் நிக்குது.

குடந்தைப் பட்டறை:

அப்படியே காத்தை ஏத்திடாதீங்க, சாய்ஞ்ச வால்வோட ஏத்தினா சாய்ஞ்சபடியே இறுகிடும். ஜாக்கியில தூக்கி, காத்தை முழுசா இறக்கி, ரெண்டு பக்க பீடிங்கையும் மிதிச்சுப் பிரிச்சு, வால்வு நேரா வர்ற வரைக்கும் டயரைக் கையால திருப்புங்க. ரிம் விளிம்புல கிரீஸ் பிசுக்கு இருந்தா சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, காய வச்சுட்டு மூடுங்க. ரெண்டு பக்கமும் 14 வைங்க, பெயின்ட் கோடு போடுங்க. சக்கர நட்டைத் தொட்டிருந்தா எதிரெதிரா இறுக்கி, ஒரு மணி நேரம் ஓட்டினதும் திரும்ப ஒரு இறுக்கு. ஒரு மா (சுமார் 33 சென்ட்) உழுததும் இறங்கிக் கோட்டைப் பாருங்க. விலகியிருந்தா ரிம் விளிம்பு தேய்ஞ்சிருக்கும் இல்ல பீடிங் தளர்ந்திருக்கும், போட்டோ எடுத்து இங்க போடுங்க.